ஏழு வாரம் கடல், நாலு வாரம் வீடு

வேலை உறுதியானது என்ற செய்தி வந்தபோது அவள் ஒரு ஒன்பது மாடிக் கட்டிடத்தில், ஐந்தாம் தளத்துக்கும் ஆறாம் தளத்துக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் கிரீஸ். முழங்கையால் போனைத் தள்ளித் தள்ளிப் படித்தாள். உள்ளே மாட்டிக்கொண்ட இரண்டு பேரை முதலில் வெளியே இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் கணவனைக் கூப்பிட்டாள்.

அவன் எடுக்கவில்லை. அவன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். வண்டி ஓடும்போது போனைத் தொடக் கூடாது என்பது அவன் மாணவர்களுக்குப் போடும் முதல் சட்டம். அதைத் தானே மீறினால் மானம் போய்விடும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பல் டாக்டரம்மா, வெளியேறத் தைரியம் வராமல், ஒரே ரவுண்டானாவை மூன்றாவது முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒருவழியாக அவரை ஓரங்கட்ட வைத்துவிட்டுத் திருப்பி அழைத்தான்.

"கிடைச்சிடுச்சு," என்றாள்.

"கப்பலா?"

"கப்பல்தான். பின்ன என்ன ராக்கெட்டா?"

கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் பதிக்கும் கப்பலில் எலெக்ட்ரீஷியன் வேலை. ஏழு வாரம் கடலில், நாலு வாரம் வீட்டில். மறுபடி ஏழு, மறுபடி நாலு. முதல் பயணம் பரீட்சை மாதிரி. இரண்டு தரப்புக்கும் பிடித்துப்போனால் நிரந்தரம். பதினான்கு வருஷமாக லிஃப்ட் கம்பெனியில் இருட்டுக் குழிகளையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வானம் தெரிகிற இடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசை. விண்ணப்பத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் நிரப்பினார்கள். அவள் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்பதால் எழுதியது அவன். எப்படியும் கிடைக்காது என்று உள்ளுக்குள் நினைத்ததால்தான் அவ்வளவு அழகாக எழுதினேன் என்று பிற்பாடு அவளிடம் ஒப்புக்கொண்டான்.

வீட்டில் மூன்றாவது ஆள் அவளுடைய அப்பா. அவரும் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் மூன்று வருஷமாக மகள் வீட்டில் இருக்கிறார். அன்று மாலை அவரிடம் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"கடல்ல குளிரும். ஸ்வெட்டர் ரெண்டு எடுத்துக்கோ பாப்பா," என்றார். முப்பத்தெட்டு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

அவளுக்குக் கவலை கடல் அல்ல. வீட்டில் விட்டுப்போகும் இரண்டு ஆண்களும்தான்.

அவர்களுக்குள் சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை இருந்திருந்தால் பேச்சாவது இருந்திருக்கும். மரியாதைதான் பிரச்சினை. மாமனார் கூடத்துக்கு வந்தால் மாப்பிள்ளை சட்டென்று எழுந்து நிற்பான், டிவியை அணைப்பான். மாப்பிள்ளை பாவம், நிம்மதியாக உட்காரட்டும் என்று மாமனார் கூடத்துக்கே வர மாட்டார். அவர் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழைய மோட்டார் எதையாவது பிரித்துக்கொண்டிருப்பார். அவர் வெளியே வராததற்குத் தான்தான் காரணமோ என்று அவன் மொட்டை மாடிக்குப் போய்விடுவான். கூடம் எப்போதும் காலி. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இருவரும் நேருக்கு நேர் பேசிய மொத்தப் பேச்சை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். "சாப்டீங்களா மாமா?" "ஆச்சு மாப்பிள்ளை. நீங்க?" "ஆச்சு மாமா." மீதி எல்லாம் அவள் வழியாகத்தான் போகும், வரும்.

அவள் கிளம்பினாள். முதல் பத்து நாள் துறைமுகத்தில் பயிற்சி. அங்கே போனில் சிக்னல் கிடைத்தது; அதுவே தொல்லையாகப் போயிற்று.

"பாப்பா, உன் வீட்டுக்காரர் காலையில குளிச்சிட்டுக் குழாயைச் சரியா மூடறதில்ல. சொட்டிக்கிட்டே இருக்கு. நீ பக்குவமா சொல்லு."

அடுத்த பத்தாவது நிமிஷம் கணவன். "மாமா அஞ்சு மணிக்கு எனக்கும் சேர்த்து டீ போட்டு வைக்கறார். பாவம், வயசானவர். ஆனா அதுல சர்க்கரை... ஸ்பூன் நிக்குது. எப்படிச் சொல்றது?"

"அவர் எங்க இருக்கார் இப்போ?"

"ரூம்லதான்."

"நீ?"

"ரூமுக்கு வெளியில."

அவள் பயிற்சிக் கூடத்து வாசலில் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். "இங்க பாரு, நான் என்ன டிரான்ஸ்ஃபார்மரா? அந்தப் பக்கம் கரண்ட் வாங்கி இந்தப் பக்கம் குடுக்க? எட்டடி தூரத்துல இருக்கற மனுஷனுக்குச் சேதி சொல்ல எந்நேரமும் நான் வரணுமா? நாளைக்குக் கப்பல் கிளம்புது. அப்புறம் வாரத்துக்கு ஒரு போன்தான், ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு, கப்பல்ல ஆளுக்கு நாலே நிமிஷம். அதுல குழாய், சர்க்கரைன்னு வந்தா நான் வீட்டுக்கே வர மாட்டேன்."

ஊர் உலகத்துக்கெல்லாம் இன்டர்நெட் கொடுக்கப் போகிற கப்பலில் போன் பேச நாலு நிமிஷம்தானா என்று அவன் டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் மூன்றரை மணிக்கே கூடத்தில் போனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மணி அடித்தது. அவன் எடுத்து, "மாமா, நீங்க பேசுங்க," என்று நீட்டினான்.

"இல்ல மாப்பிள்ளை, முதல்ல நீங்க."

"பெரியவங்க நீங்க இருக்கும்போது..."

"புருஷன் பேசறதுதான் முறை."

"இல்ல மாமா, பெத்தவர்..."

போனுக்குள்ளிருந்து அவள் கத்தியது அடுத்த அறை வரை கேட்டிருக்கும். "ரெண்டு பேருமே வேணாம், ஸ்பீக்கர்ல போடுங்க! ஒண்ணரை நிமிஷம் போச்சு!"

மிச்சம் இருந்த இரண்டரை நிமிஷத்தில் அவள் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: வாந்தி நின்றுவிட்டது, மேல்படுக்கை கிடைத்திருக்கிறது, கடல் நீலமாக இல்லை, பல நேரம் இரும்பு நிறத்தில் இருக்கிறது, இருவரும் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். போன் வைத்ததும் வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது போல இருந்தது. இருவரும் எழுந்து அவரவர் பக்கம் போனார்கள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அவன் வேலைக்குக் கிளம்ப வாசலுக்கு வந்தபோது, பயிற்சிக் காரின் ஒரு கதவு திறந்திருந்தது. வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மாமனார் அவன் உட்காரும் சீட்டுக்கு முன்னால், வாத்தியாருக்கென்று பொருத்தியிருந்த தனி பிரேக்குக்குப் பக்கத்தில் தலையை நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா?"

அவர் திடுக்கிட்டு எழுந்ததில் டேஷ்போர்டில் தலை இடித்தது. தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி டார்ச்சை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பிறகு, ஆர்வம் தாங்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"இந்த ரெண்டாவது பிரேக்... இதை அந்தப் பக்கத்துப் பெடலோட கேபிள்ல இழுத்திருக்காங்களா, கம்பியாலயா?"

"கம்பி மாமா. கேபிள்னா நாளாக நாளாக இளகிடும்."

"அதானே! நானும் அதைத்தான் நினைச்சேன். லிஃப்ட்லயும் அப்படித்தான்." இரண்டு அடி முன்னால் வந்தார். "ஓட்டறவர் மிதிச்சா உங்க பெடலும் கீழ போகுமா?"

"போகும். ஆனா என் மாணவங்க மிதிக்கறதுக்குள்ள நானே மிதிச்சிடுவேன். அதனாலதான் எனக்கு 'டபுள் பிரேக்'னு பேர் வெச்சிருக்காங்க."

மாமனார் சிரித்தார். அவர் சிரிக்கும்போது மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதை அவன் அன்றுதான் பார்த்தான்.

"எனக்கு ஓட்டத் தெரியாது மாப்பிள்ளை," என்றார். "நாப்பது வருஷம் மேலயும் கீழயும்தான் போயிருக்கேன். நேரா போனதே இல்ல."

அவன் யோசிக்கவே இல்லை. "கத்துக்கறீங்களா மாமா?"

பழகுநர் உரிமம் வாங்க ஒரு வாரம் ஆயிற்று. ஊருக்கு வெளியே, மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் முன்னால் பெரிய சிமெண்ட் திடல் உண்டு. தினமும் காலையில், முதல் மாணவர் வருவதற்கு முன்னால், அங்கே கூட்டிப்போனான்.

இதில் ஒரு சிக்கல் இருப்பதை அவன் யோசிக்கவில்லை. டபுள் பிரேக் வாத்தியார் திட்டித் திட்டித்தான் சொல்லிக்கொடுப்பான். திட்டு வாங்காமல் அவனிடம் யாரும் உரிமம் வாங்கியதில்லை. மாமனாரை எப்படித் திட்டுவது? திட்டுவது இருக்கட்டும், 'பிரேக் போடு' என்றுகூடச் சொல்ல முடியாதே. மூன்றாம் நாள், திடலின் ஓரத்தில் இருந்த பெரிய குப்பைத் தொட்டியை நோக்கி மாமனார் நிதானமாக வண்டியை விட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, அங்க ஒரு தொட்டி இருக்குது மாமா, நீங்க கொஞ்சம் தயவு பண்ணி பிரேக்கை..."

டம் என்று ஒரு சத்தம். மரியாதை தப்புமோ என்ற பயத்தில் அவன் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கவும் மறந்துபோயிருந்தான். தொட்டி சாய்ந்து உருண்டது. பம்பரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம்.

மாமனார் எஞ்சினை அணைத்தார். நிதானமான குரலில் சொன்னார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. என்கிட்ட வேலை பழக வந்த பசங்களை நான் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன். பேசலேன்னா ஒருத்தனாவது லிஃப்ட் குழியில விழுந்திருப்பான். நீங்க இந்த 'தயவு பண்ணி' எல்லாம் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் யாரையாவது கொன்னுடுவேன். கார் கதவைச் சாத்திட்டா நீங்க வாத்தியார், நான் மாணவன். அவ்வளவுதான். இறங்கினதும் பழையபடி மாமா, மாப்பிள்ளை."

"சரி மாமா."

"கதவு சாத்தித்தான் இருக்கு."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "சரி... எடுங்க வண்டிய."

மறுநாள் திடலை விட்டு ரோட்டுக்கு வந்ததும் ஒரு நாய் குறுக்கே ஓடியது. அவன் வாயிலிருந்து, பதினெட்டு வருஷப் பழக்கத்தில், தானாக வந்தது: "பிரேக்குய்யா! கண்ணு எங்க இருக்குது, பிடரியிலயா?"

வண்டி டக்கென்று நின்றது. நாய் பிழைத்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. மாமனாரின் தோள்கள் குலுங்குவதைப் பார்த்து, ஐயோ, அழுகிறாரோ என்று பயந்து திரும்பினான். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "பிடரியிலயாம்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவனுக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

காரை விட்டு இறங்கினால் பழையபடி மாமா, மாப்பிள்ளை என்று பேசி வைத்திருந்ததென்னவோ உண்மைதான். ஆனால் பேச்சு காரோடு நிற்கவில்லை. அன்று மாலை டீயைக் கையில் வாங்கியதும், "மாமா, இதுல சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி," என்று அவன் சொல்லிவிட்டான். "உங்களுக்குப் பிடிக்கும்னுதான் மூணு ஸ்பூன் போட்டேன். எனக்கே பிடிக்காது, மரியாதைக்காகக் குடிச்சேன்," என்றார் அவர். குழாய் விஷயமும் வந்தது. அவன் சரியாகத்தான் மூடியிருந்தான், வாஷர்தான் தேய்ந்திருந்தது. மாமனார் ஐந்து நிமிஷத்தில் மாற்றினார்.

இருவரும் கூடத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். ஒரு மாலை, உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே அவர் சொன்னார்:

"டிரைவிங் ஸ்கூல்ல உங்களை எல்லாரும் கேக்கறாங்களாமே, பொண்டாட்டி இல்லாம எப்படிச் சமாளிக்கறீங்கன்னு."

"தினமும் யாராவது கேக்கறாங்க மாமா."

"பாப்பா பொறந்தப்போ நான் வேற ஊர்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் மாட்டிட்டு இருந்தேன். எட்டு மாசம். வரும்போது குழந்தை தவழ்ந்துக்கிட்டு இருந்தா. எப்படிச் சமாளிச்சீங்கன்னு அவ அம்மாவை ஒருத்தரும் கேக்கல." சீவிய தோலை ஒன்றாகக் குவித்தார். "நானும் கேக்கல. இப்போ கேக்கணும்போல இருக்கு. ஆள் இல்ல."

அவன் இன்னொரு கத்தியை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சீவினான். தேவைக்கு மேல் சீவிவிட்டார்கள். இரண்டு நாள் அதே கிழங்குதான்.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் போன் வரவில்லை.

நாலரைக்கு அவன் போனை அணைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தான். ஐந்து மணிக்குக் கப்பல் கம்பெனி அலுவலகத்துக்கு அடித்தான். விடுமுறை என்று ஒரு பதிவுக் குரல் மூன்று முறை சொல்லிற்று. அவன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தான். கப்பலில் உயரத்தில் ஏறி வேலை செய்வாளே, கால் வழுக்கியிருக்குமோ, காற்றடித்திருக்குமோ என்று மனசு எங்கெங்கோ போயிற்று. ஐந்தரைக்கு மாமனார் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"வாங்க. இப்படியே நடந்தா தரை தேஞ்சிடும். வண்டிய எடுப்போம்."

"எனக்கு இப்போ ஓட்ட வராது மாமா."

"உங்களை யாரு ஓட்டச் சொன்னா? இந்த நிலைமையில நீங்க நேரா கம்பத்துல விடுவீங்க. நான் ஓட்டறேன்."

வெயில் இன்னும் சாயவில்லை. மாமனார் மாட்டுவண்டி வேகத்தில் ஊரைச் சுற்றினார். சந்தைத் தெரு, தபால் நிலையம், ரயில்வே கேட். அவன் மடியில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தான். ஒரு தடவைகூடத் திட்டவில்லை. "இப்படி அமைதியா இருந்தா எனக்குக் கைகால் ஓடலை, ஏதாவது திட்டுங்க," என்றுகூட மாமனார் கேட்டுப் பார்த்தார்.

நூலகத்தைத் தாண்டும்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"ஹலோ? கேக்குதா?" அவள் குரல்தான், கரகரத்துப் போயிருந்தது.

"இரு பாப்பா, வண்டிய நிறுத்திக்கறேன்," என்றார் மாமனார்.

"நிறுத்துங்க மாமா, சீக்கிரம்!"

"சீக்கிரம் எல்லாம் முடியாது. நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. கண்ணாடி பார்க்கணும். இண்டிகேட்டர் போடணும்."

"போட்டாச்சு, ஓரங்கட்டுங்க!"

"பின்னால சைக்கிள் வருது. அவர் போகட்டும்."

"மாமா, நியூட்ரல்! ஹேண்ட்பிரேக்!"

"அங்க யாரு வண்டி ஓட்டறது?" என்றாள் அவள். "அப்பாவா? என் அப்பாவா?"

"நான்தான் பாப்பா. ம், நின்னாச்சு. இப்போ சொல்லு, நல்லா இருக்கியா?"

நல்லாத்தான் இருந்தாள். கேபிள் உருளையைச் சுற்றும் மோட்டார் சனிக்கிழமை காலையில் நின்றுபோனதாம். பாதி கேபிள் கப்பலில், மீதி கடலுக்கடியில். கப்பல் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. அவளும் இன்னொருவரும் மோட்டாரை முழுக்கப் பிரித்து, எரிந்த கம்பிச் சுருளை மாற்றி, திரும்பப் பூட்ட ஒன்றரை நாள் ஆனது. இப்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கிறது. "கேப்டனே வந்து கை குடுத்தார்ப்பா. கிரீஸோட பிடிச்சுக் குலுக்கினார்." அந்தக் கரகரத்த குரலில் இருந்த சந்தோஷத்தை அவன் இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறான்: கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்ன நாளில். கட் ஆன பிறகும் போனைக் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

ஏழு வாரம் முடிந்து அவள் வந்தாள். முகம் கறுத்திருந்தது, தோள் அகன்றிருந்தது, நடக்கும்போது தரை ஆடுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். முதல் இரண்டு நாள் சாப்பாட்டு நேரம் தவிரத் தூங்கினாள். மூன்றாம் நாள் காலை டீ போடப் போனவளுக்கு டீத்தூள் எங்கே என்று தெரியவில்லை. அலமாரி மாறியிருந்தது, கரண்டி இழுப்பறையில் ஸ்பேனர் கிடந்தது. கூடத்தில் அப்பாவும் கணவனும் ஏதோ ஒரு ரவுண்டானாவைப் பற்றிச் சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். 'பிடரியிலயா' என்று ஒருவர் சொல்ல, மற்றவர் சிரித்தார். என்ன என்று அவளுக்குப் புரியவில்லை.

கணவன் உள்ளே வந்தபோது அவள் கேட்டாள். "நான் இல்லாம ரெண்டு பேரும் நல்லாத்தான் இருந்திருக்கீங்க. இல்ல?"

அவன் மேல்தட்டிலிருந்து டீத்தூளை எடுத்துக் கொடுத்தான். "நல்லாத்தான் இருந்தோம்," என்றான். "ஆனா ஞாயித்துக்கிழமை தவிர மத்த ஆறு நாளும் எதுக்கு வருதுன்னு தெரியல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீரை அடுப்பில் வைத்தாள். பிறகு இழுப்பறையை இழுத்து, "இது என்ன ஸ்பேனர் இங்க?" என்று அதட்டினாள். அந்த அதட்டலைக் கேட்டதும் அவனுக்கு வீட்டுக்கு ஆள் வந்துவிட்ட நிம்மதி வந்தது.

அந்த வாரமே மாமனாருக்கு ஓட்டுநர் தேர்வு. தோற்றுப்போனார். "ஐயா, வண்டி ஓடுதா, நிக்குதான்னே எனக்குத் தெரியல," என்றாராம் தேர்வு அதிகாரி. வீட்டுக்கு வந்து இதை அவரே நடித்துக் காட்டிச் சிரித்தார்; மறு தேர்வுக்கு எழுதிக் கொடுத்தார்.

நிரந்தர வேலைக்கான ஒப்பந்தம் மூன்றாம் வாரம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு. அவள் அதை அவன்முன் மேசையில் வைத்தாள்.

"போகட்டுமா?"

"உண்மையச் சொல்லவா? போகாதேன்னுதான் வாயில வருது," என்றான். "ஆனா அன்னைக்கு மோட்டார் கதைய சொன்னியே, அப்போ உன் குரல் எப்படி இருந்ததுன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் குரலை இங்க உக்கார வெச்சு நான் என்ன பண்றது? போயிட்டு வா. போன்ல மட்டும் கூட ரெண்டு நிமிஷம் கேட்டு வாங்கு."

"கேட்டு வாங்கிட்டேன்," என்றாள். "ஆறு நிமிஷம். கையெழுத்துப் போடறதுக்கு அதைத்தான் நிபந்தனையா வெச்சேன்."

அவள் கிளம்ப வேண்டிய நாளும் மாமனாரின் மறு தேர்வும் ஒரே காலையில் வந்து விழுந்தன. துறைமுகம் வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று அவன் பிடிவாதம் பிடித்தான். அவள் கேட்கவில்லை. "நான் பஸ்ல போயிக்கறேன். நீ பக்கத்துல இல்லேன்னா அவர் பதட்டத்துல ரிவர்ஸ் கியர் போட்டுடுவார்," என்றாள். வாசலில் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், அவன் கையை இறுக்கிப் பிடித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனைவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். முனையில் திரும்பிப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

பத்து மணிக்கு அவன் தேர்வுத் திடலின் மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தூரத்தில் மாமனார் ஓட்டிய கார் முதல் வளைவில் திரும்பியது. போனில் செய்தி வந்தது.

"பஸ் ஏறிட்டேன். ஜன்னல் சீட். அப்பா என்ன ஆனார்?"

அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினான். "ரெண்டாவது வளைவு. இந்தத் தடவை வண்டி ஓடறது கண்ணுக்குத் தெரியுது."

அந்தப் பக்கமிருந்து வரிசையாகச் சிரிப்புப் படங்கள் வந்தன. அதற்குக் கீழே, "சாப்பிட்டியா?" என்று ஒரு வரி. இன்னும் இல்லை என்று எழுதிவிட்டு, மாமனார் இறங்கி வரும்போது அவருக்கும் பசிக்குமே என்று நினைத்து, எதிரே இருந்த கடைக்கு டீயும் பன்னும் வாங்க எழுந்து போனான்.